ஒரு ராத்தல் தானியமும் பன்னிரண்டு லட்சம் ஏக்கரும்

(செங்கல்பட்டில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2021 அக்டோபரில் ஒரு காணொளி தமிழ்நாடு முழுவதும் பரவியது. மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து தன்னை எழுப்பிவிட்டார்கள், மீந்தால் வெளியே வைத்துத் தருவதாகச் சொன்னார்கள் என்று ஒரு நரிக்குறவப் பெண் அதில் கோபத்தோடு பேசினார். அழுது கெஞ்சாமல், ஏன் எழுப்பினீர்கள் என்று நேராகக் கேட்டார். அக்டோபர் 29 அன்று அறநிலையத் துறை அமைச்சர் பி.கே. சேகர்பாபு அதே கோயிலுக்கு வந்து அவருடன் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளி நாளில், முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அந்தப் பெண் வசித்த பூஞ்சேரிக்கே போனார். நரிக்குறவர், இருளர் சமூகங்களைச் சேர்ந்த 282 பேருக்கு 4.53 கோடி ரூபாய் மதிப்புள்ள உதவிகள் அன்று வழங்கப்பட்டன.

மேடையில் கைமாறிய காகிதங்கள் எவை? வீட்டுமனைப் பட்டா, சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, கடன் ஆணை. இவற்றில் ஒன்றுகூடப் புதுத் திட்டம் கிடையாது. வட்டாட்சியர் அலுவலகத்திலும் கோட்டாட்சியர் அலுவலகத்திலும் அன்றாடம் கையெழுத்தாகும் சாதாரணக் காகிதங்கள். 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்ட ஊரின் ஓரத்தில் பாசிமணி கோத்து விற்றுப் பிழைத்த குடும்பங்களுக்கு அந்தக் காகிதங்கள் வந்து சேர, ஒரு பெண்ணின் அவமானம் முதலில் செய்தியாக வேண்டியிருந்தது.

அரசுக்கு ஆற்றல் போதவில்லை என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. உக்ரைன் போரால் மாஸ்கோவிலிருந்து மாற்றப்பட்ட சதுரங்க ஒலிம்பியாட் போட்டி சென்னைக்கு என்று 2022 மார்ச்சில் முடிவானது. ஜூலை 28-இல் போட்டி தொடங்கிவிட்டது. ஆட்டம் நடந்த அரங்கு இதே பூஞ்சேரியில்தான் இருந்தது. உலகத்தின் பாதி நாடுகளுக்கும் மேலானவை வந்து ஆடிச் செல்ல நான்கு மாத ஏற்பாடு போதுமானதாக இருந்தது. நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோக்கூர் குழு 1965-இல் சொன்னது. அதற்கான சட்டம் 2023 ஜனவரியில்தான் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. இடையில் போனது ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல்.

அரசியலில் கருணை வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லும் கட்சி எதுவும் கிடையாது. ஆகவே இந்த உரை அதைக் கேட்கப் போவதில்லை. கஜானாவிலிருந்து எடுத்துக் கொடுக்கும் கருணையைத் தமிழ்நாடு நூறு ஆண்டுகளாகக் கற்றுத் தேர்ந்திருக்கிறது. அதன் பலன் பெரிது. ஆனால் உள்ளூரில் ஒருவர் அனுபவித்துவரும் ஆதாயத்தைத் தடுத்தால்தான் இன்னொருவருக்கு நியாயம் கிடைக்கும் என்ற இடத்தில் அரசின் கை தயங்குகிறது. அந்த இடத்தைத்தான் இந்த உரை தொட முயல்கிறது. அதற்கு வேண்டிய சான்றுகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. செங்கல்பட்டுச் சீமையிலேயே எல்லாம் கிடக்கின்றன.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம் என்று போகிறவர்களுக்கு மேற்கே கூடவே வரும் நீர்ப்பரப்பு பக்கிங்காம் கால்வாய். சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அதன் துண்டு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளம். 1877, 78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. வெட்டியவர்கள் தாது வருசப் பஞ்சத்தில் ஊரைவிட்டுக் கிளம்பி வந்த கூலிகள்.

அந்தப் பஞ்சத்தில் ஒரு கூலிக் கணக்கு உண்டு. பொருளாதாரக் கொள்கை பேசுகிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு அது. சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி 1873-74-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து மக்களைக் காப்பாற்றினார். சாவு மிகக் குறைவு. பாராட்டுக்குப் பதிலாக, அரசுப் பணத்தை வாரி இறைத்தார் என்ற பழி அவர் மேல் விழுந்தது. 1877 ஜனவரியில் அதே மனிதரை வைஸ்ராய் லிட்டன் தெற்கே அனுப்பினார், செலவைக் கட்டுப்படுத்தச் சொல்லி. டெம்பிள் நிவாரண வேலையின் கூலியைக் குறைத்தார். நாள் முழுதும் மண் வெட்டிச் சுமக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் தரவேண்டும். பெண்ணுக்கும் குழந்தைக்கும் அதிலும் குறைவு. ஒரு ராத்தல் என்பது இன்றைய கணக்கில் சுமார் 450 கிராம். நிவாரணம் தேடுபவர் உண்மையிலேயே பசித்தவரா என்று சோதிக்க, வீட்டிலிருந்து பத்து மைல் தொலைவுக்கு அப்பாலுள்ள முகாமுக்குப் போனால்தான் வேலை என்ற விதியும் இருந்தது.

டெம்பிள் கொடியவர் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. பீகாரில் மனிதர்களைக் காப்பாற்றியவர் அவர்தான். ஒரு முறை கருணை காட்டியதற்குக் கிடைத்த கண்டனம் அவரை மாற்றியது. ஓர் அரசு எதைக் கண்டிக்கிறது, எதற்குப் பதவி உயர்வு தருகிறது என்பது அதன் அதிகாரிகளின் இதயம் வரை போய்ச் சேரும் என்பதற்கு அவர் சான்று.

எதிர்த்து நின்றவர் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் என்ற மருத்துவர். அவர் இரக்கம் காட்டுங்கள் என்று மட்டும் எழுதவில்லை. உழைக்கும் உடலுக்கு எவ்வளவு உணவு தேவை, தானியத்தோடு பருப்பும் காயும் ஏன் வேண்டும், குறைத்த கூலியில் வேலை செய்தவர்கள் எப்படி மெலிந்துபோகிறார்கள் என்று கணக்குப் போட்டு எழுதினார். குறைந்தது ஒன்றரை ராத்தல் வேண்டும் என்றார். தன்னைவிட உயர்ந்த அதிகாரியின் உத்தரவை எதிர்த்து ஓர் அரசு ஊழியர் அச்சில் வாதாடினார். அந்த ஆண்டிலேயே கூலி உயர்த்தப்பட்டது. ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் செத்துப்போயிருந்தார்கள். தெற்கிலும் மேற்கிலும் அந்தப் பஞ்சம் கொண்டுபோன உயிர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்பதே வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு.

1880-இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்தது. அதிலிருந்து பஞ்ச விதித்தொகுப்புகள் பிறந்தன. விலை எவ்வளவு ஏறினால் வேலை தொடங்க வேண்டும், கூலி எவ்வளவு, வேலை செய்ய முடியாதவருக்கு என்ன என்பதெல்லாம் எழுத்தில் வந்தன. 2005-இல் நாடாளுமன்றம் நூறு நாள் வேலையைச் சட்டமாக்கியபோது, வேலை கேட்பவருக்குப் பதினைந்து நாளில் வேலை தர வேண்டும், தராவிட்டால் படி தர வேண்டும் என்று எழுதியது. பசித்தவரைச் சோதித்துப் பார்க்கும் நிலையிலிருந்து அரசையே சோதித்துப் பார்க்கும் நிலைக்கு வர நூற்றிருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

தாது வருசத்துக்குப் பத்து ஆண்டுகள் முன்பு, 1867 மே 23 அன்று, வடலூரில் வள்ளலார் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். அங்கே யாரும் பத்து மைல் நடந்து வந்ததை நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. வந்தவருக்குச் சோறு என்பதுதான் அந்த அடுப்பின் விதி. அது இன்றும் எரிகிறது. அந்த அடுப்பின் முன்னால் யாரும் தகுதிப் பட்டியல் நீட்டியதில்லை என்பதைச் சமூக நலத்துறை அதிகாரிகள் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பஞ்சம் ஒரு சாதியை மட்டும் ஏன் முதலில் தின்றது என்ற கேள்வி செங்கல்பட்டில் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் எழுந்தது. இது மிராசி என்னும் பரம்பரை நில உரிமை முறை ஆழ வேரூன்றிய மண். விளைநிலம் மட்டுமல்ல, தரிசின் மேலும் மிராசுதாருக்கு முன்னுரிமை இருந்தது. சேரியைச் சேர்ந்த ஒருவர் தரிசு நிலத்துக்குத் தர்காஸ்து மனு கொடுத்தால், மிராசுதார் குறுக்கிட்டுத் தனக்கு வேண்டும் என்று வாங்கிவிடலாம். குடிசை நிற்கும் மண்ணே ஆண்டையின் மண்ணாக இருந்த கிராமங்களில், எதிர்த்துப் பேசியவர் அன்றிரவே தெருவுக்கு வந்துவிடுவார். அடிமை முறையைச் சட்டம் 1843-இலேயே மறுத்துவிட்டது. வாங்கிய சிறு கடனுக்குத் தலைமுறை தலைமுறையாகப் படியாளாக உழைப்பது மட்டும் நிற்கவில்லை.

1891 அக்டோபரில் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த ஜே.எச்.ஏ. ட்ரெமன்ஹீர், மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். கூலி, உணவு, வீடு, கடன், கல்வி என்று எல்லாவற்றையும் அடுக்கி, தரிசு நிலத்தை இவர்களுக்கு நேரடியாகக் கொடுங்கள், குடியிருக்கும் மனையை இவர்களுடையதாக்குங்கள், பள்ளி திறங்கள் என்று கேட்டார். அரசு ஆணை எண் 1010, 1892 செப்டம்பர் 30 தேதியிட்டு வெளியானது. அதன் தொடர்ச்சியாகச் சென்னை மாகாணம் முழுவதும் பின்வந்த ஆண்டுகளில் வழங்கப்பட்ட நிலம் ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பஞ்சமி நிலம் என்று தமிழ்நாடு அறிந்திருப்பது அதைத்தான்.

ஒரு நல்ல ஆட்சியரின் மனமிரங்கலால் இது நடந்தது என்று கதை சொல்வது ட்ரெமன்ஹீருக்குப் பெருமை, மற்றவர்களுக்கு அநியாயம். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனின் ஆதம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி ஆகியோர் சேரிகளின் நிலையை ஏற்கெனவே எழுதியும் பேசியும் வந்தார்கள். அதைவிட முக்கியம், பேசத் தொடங்கியிருந்த சேரியின் பிள்ளைகள். மதுராந்தகம் வட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1891-இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893-இல் 'பறையன்' பத்திரிகை வந்தது. பிற்காலத்தில் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தவர் அவர். பொதுச் சாலையிலும் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை என்று 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவரும் அவரே. அந்த ஆண்டே அது அரசாணையானது. அரசாணைக்குப் பின்னால் ஒரு குறிப்பும், குறிப்புக்குப் பின்னால் ஒரு சபையும் பத்திரிகையும் இருந்தன. கோழியாளத்தை விட்டுவிட்டுச் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தை மட்டும் நினைவுகூர்வது பாதி வரலாறு.

நிலத்தைக் கொடுத்த அரசு அதற்கு ஒரு வேலியும் போட்டது. ஒப்படை நிபந்தனைகளின்படி முதல் பத்து ஆண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம். மீறினால் அந்த விற்பனை செல்லாது. நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எழுதிய கை எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறது! ஆனால் வேலியைக் காக்க யாரும் நியமிக்கப்படவில்லை. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன், மழை இல்லாத வருடம், கைநாட்டு, பினாமி என்று நிலம் கைமாறியது. பழைய பதிவேட்டில் இருந்த பஞ்சமிக் குறிப்பு புதிய பதிவேட்டில் இல்லாமல் போனதாக, 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு ஊருக்கு ஊர் புகார் உண்டு. பிறகு பழைய மகாபலிபுரம் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் மனை விலை ஏறியது. மீட்க வேண்டிய நிலத்தின் மேல் மதில் எழுந்தது.

மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் அங்கே அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் கூடிய மக்கள்மீது காவல்துறை சுட்டதில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். அரசே கொடுத்த நிலம், அரசே எழுதிய நிபந்தனை. அதை நிறைவேற்றுங்கள் என்று கேட்டவர்கள்மீது அரசின் துப்பாக்கி திரும்பியது. ட்ரெமன்ஹீரின் குறிப்புக்கும் இதற்கும் நடுவே நூற்றுமூன்று ஆண்டுகள். 1892-இல் வெற்று நிலத்தைக் கொடுக்கக் கையெழுத்து போதும். 1994-இல் அதே நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் வாங்கியவர், விற்றவர், பதிவு செய்தவர், அவர்களுக்குப் பின்னால் நின்றவர் என்று பலரையும் பகைக்க வேண்டியிருந்தது. கருணை தடுமாறுவது இங்கேதான்.

மருத்துவத்திலும் இதே மாவட்டம் ஒரு பாடம் வைத்திருக்கிறது. செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை 1920-களில் வந்தது. ராபர்ட் காக்ரேன் அங்கே பணியாற்றி, நாற்பதுகளில் சல்போன் வகை மருந்தைப் பயன்படுத்திக் காட்டியவர்களில் ஒருவரானார். வேலூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், அவருடன் செங்கல்பட்டு வந்து பார்த்தபோதுதான் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தும் எண்ணம் பிறந்தது. 1955-இல் மத்திய அரசு திருமணி மருத்துவமனையை ஏற்று மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக்கியது. மருந்து வந்துவிட்டது. ஆனால் ஏழை நோயாளிகளைப் பிடித்து அடைக்க அதிகாரம் தந்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகச் சொல்லலாம் என்ற விதி 2019 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. குணமானவர்கள் வீடு திரும்ப முடியாமல் தங்கியிருக்கும் அரசு மறுவாழ்வு இல்லம் பரனூரில் இருக்கிறது. அதே பரனூரில்தான் மகேந்திரா வேர்ல்ட் சிட்டியின் கண்ணாடிக் கட்டடங்களும். ரயிலில் போகிறவர் சன்னலின் ஒரு பக்கத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்.

நல்ல முன்மாதிரியும் இங்கே உண்டு. அதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

இருளர் பாம்பு பிடிப்பவர்கள். தோல் வணிகர்கள் அவர்களிடம் பாம்பை வாங்கி, உரித்து, பதப்படுத்தி, கப்பலேற்றிக் கொழுத்தார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் தோல் ஏற்றுமதியும் நின்றது. பாம்புக்கு நல்லது. இருளருக்கு அடுப்பு அணைந்தது. சட்டம் எழுதியவர்களின் கணக்கில் அந்த அடுப்பு இருக்கவில்லை. கருணை ஒரு பக்கம் பார்த்து இன்னொரு பக்கம் பார்க்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

ரோமுலஸ் விட்டேக்கர் மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் 1976-இல் முதலைப் பண்ணையைத் தொடங்கியிருந்தார். இருளருடன் பழகி, அவர்களிடமிருந்து பாம்பைப் பற்றிக் கற்றவர். 1978-இல் அங்கேயே இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்குள் உறுப்பினர்கள் பிடித்து வருவார்கள். பானையில் வைத்துச் சில வாரம் பாதுகாத்து, வாரம் ஒரு முறை விஷம் எடுத்து, மறுபடி பிடிபடாதிருக்க வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விடுவார்கள். எடுத்த விஷம் உலர்த்தப்பட்டு, முறிமருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்குப் போகிறது. இந்தியாவில் தயாராகும் பாம்புக்கடி முறிமருந்தின் மூலப்பொருளில் பெரும்பகுதி இந்தச் சங்கத்திலிருந்து போனதுதான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் வயலில் வேலை செய்கிற ஏழைகள். அவர்களைக் காக்கும் மருந்து இன்னோர் ஏழைச் சமூகத்தின் கையிலிருந்து பிறக்கிறது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்தச் சங்கம் ஏன் நிலைத்தது? இழந்த தொழிலுக்கு மாற்றாக அரசு மாதாமாதம் படி கொடுத்திருக்கலாம், அரிசி கொடுத்திருக்கலாம். அதற்குப் பதிலாக, அவர்களுடைய அறிவே சொத்து என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. நடுவிலிருந்த தோல் வணிகர் இடத்தில் அவர்களே உறுப்பினரான சங்கம் வந்தது. குறைகளும் உண்டு. வனத்துறை அனுமதி தாமதமானால் அந்த ஆண்டு வருமானம் போகிறது. விஷத்தின் விலையை நிர்ணயிப்பதில் பிடித்தவரின் குரலுக்கு வலு குறைவு. ஆனாலும் பிடிக்கும் பாம்புக்கு இன்ன விலை என்று இருளர் நேரடியாகப் பெறும் ஓர் இடம் ஐம்பது ஆண்டுக்கு அருகில் வந்துவிட்டது.

அதே இருளர்களில் சங்கத்துக்கு வெளியே இருப்பவர்களின் கதை வேறு. 2019 ஜூலையில் அன்றைய காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 இருளர்கள் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டார்கள். அன்று ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் நாளிதழ்களில் வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்தது. சட்டம் இருந்தும், அரிசி ஆலை, செங்கல் சூளை, சவுக்குத் தோப்பு என்று முன்பணத்துக்குக் கட்டுண்ட குடும்பங்கள் இந்தப் பகுதியில் மீண்டும் மீண்டும் கண்டெடுக்கப்படுகின்றன. 1891-இன் படியாளும் இவரும் ஒருவர்தான். ஆண்டைக்குப் பதில் காண்டிராக்டர். அவரை மீட்கக் கஜானாப் பணம் அதிகம் வேண்டாம். உள்ளூர் முதலாளியை அலுவலகத்துக்கு வரவழைத்து வழக்குப் போட வேண்டும். வழக்கு தண்டனை வரை போக வேண்டும். விடுதலைச் சான்று உடனே கையில் கிடைக்க வேண்டும். அது கிடைக்காத குடும்பம் பசியால் அதே சூளைக்குத் திரும்புகிறது.

கஜானாவிலிருந்து கொடுப்பதைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, ஐம்பதுகளில் காமராசர் ஆட்சியில் மாநிலம் தழுவி விரிந்தது. 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக்கினார். கருணாநிதி ஆட்சி முட்டை சேர்த்தது. இவ்வளவு பணம் எங்கிருந்து வரும் என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. பட்டினியோடு படிக்க வந்த பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய், வரி கட்டும் தலைமுறையானதே அதற்கு விடை. 2001 நவம்பரில் உச்சநீதிமன்றம் நாடு முழுவதும் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டபோது தமிழ்நாடு அதற்கு இருபது ஆண்டு முன்னால் நின்றது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவு தொடங்கியது. ஓராண்டு கழித்து மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் போகத் தொடங்கியது. மகப்பேறு முதல் மகளிர் பேருந்து வரை ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் மூச்சை இலகுவாக்கியிருக்கிறது. 1990-இல் மஹ்பூப் உல் ஹக்கும் அமர்த்தியா சென்னும் மனித வளர்ச்சிக் குறியீட்டை உலகுக்குத் தந்தபோது, வருமானத்தோடு ஆயுளையும் கல்வியையும் எண்ணுங்கள் என்றார்கள். நியூசிலாந்து 2019-இல் நல்வாழ்வு நிதிநிலை அறிக்கை என்று ஒன்றைப் போட்டது. சத்துணவு ஆயா அதற்கு முப்பத்தேழு ஆண்டு முன்பே அந்தக் கணக்கைச் சோற்றுக் கரண்டியால் போடத் தொடங்கிவிட்டார்.

ஆனால் சராசரி நன்றாக இருக்கும்போது ஓரம் மறைந்துபோகும். நிதி ஆயோக்கின் 2023 அறிக்கைப்படி தமிழ்நாட்டில் பல்பரிமாண வறுமையில் இருப்பவர்கள் 2.2 விழுக்காடுதான். பெருமைப்பட வேண்டிய எண். அந்த 2.2-க்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் பூஞ்சேரி தெரியும், சவுக்குத் தோப்புக் குடிசை தெரியும். பொதுத் திட்டங்கள் அட்டை உள்ளவரிடம் ஓடி வருகின்றன. அட்டையே இல்லாதவரிடம் நின்றுவிடுகின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரையில் நிவாரணம் படகு, வலை, குப்பம் என்ற வரிசையில் வந்தது. மீனவர்கள் இழந்தது மிகப் பெரிது, கொடுத்தது நியாயம். அதே முகத்துவாரத்தில் வலையும் படகுமின்றிக் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்த இருளர்கள், இழந்ததாகக் காட்ட எதுவும் இல்லாததால் பல பட்டியல்களில் பின்னுக்குப் போனார்கள். பூஞ்சேரியில் மேடையில் ஆணை வாங்கியவர்களுக்கும் வங்கிக் கடன் வந்து சேரவில்லை என்ற புகார் பிறகு செய்திகளில் வந்தது. முதலமைச்சர் கொடுத்த காகிதம் வங்கி மேலாளரின் மேசையில் வேறு விதிக்கு உட்படுகிறது.

கார்னிஷ் செய்ததை இன்றைய மாவட்ட நிர்வாகம் செய்யலாம். அதாவது, ஓரத்தில் இருப்பவரை அளந்து எழுதலாம். 2019 நவம்பர் 29 அன்று பிறந்த செங்கல்பட்டு மாவட்டம் இளையது. இருளர், நரிக்குறவர் குடியிருப்புகளை வீடு வீடாகக் கணக்கெடுக்க முடியாத அளவுக்குப் பெரியதும் அல்ல. கேரளம் மிக வறிய குடும்பங்கள் என்று 64,006-ஐக் கண்டறிந்து, ஒவ்வொன்றுக்கும் தனித் திட்டம் எழுதியது. அதன் முடிவைப் பற்றிப் பொருளாதார அறிஞர்களிடையே சர்ச்சை உண்டு. முறையைப் பற்றி இருக்க வேண்டியதில்லை. சாதிச் சான்றுக்கு இருளர் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடப்பதற்குப் பதிலாகக் கோட்டாட்சியர் குடியிருப்புக்கு வரலாம். கொத்தடிமை மீட்பு நடந்த ஒவ்வோர் இடத்திலும் வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஆட்சியர் ஆண்டுக்கு ஒரு முறை பொதுவில் வெளியிடலாம். விஷத்தின் விலையை நிர்ணயிக்கும்போது வடநெம்மேலிச் சங்கத்தின் பிரதிநிதி மேசையில் இருக்கலாம். 2024 நவம்பரில் பாம்புக்கடியைத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்ததால், கடிபட்டவர் எங்கே எவ்வளவு பேர் என்ற விவரம் இனி கிடைக்கும். அந்த விவரமும் அவர்களுக்கு வலு சேர்க்கும்.

இவற்றைவிடக் கடினமானது பஞ்சமி நிலம். அதற்கும் தொடக்கம் தெரியாமல் இல்லை. நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய அ-பதிவேடுகள் ஆவணக் காப்பறைகளில் இருக்கின்றன. கிராமம் கிராமமாக அவற்றையும் இன்றைய கணினிப் பதிவையும் அருகருகே வைத்து, எந்தப் புல எண் யாரிடமிருந்து யாருக்கு எந்த ஆண்டு போனது என்று ஒரு பட்டியல் அச்சிட்டு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டலாம். அப்படி ஒட்டப்பட்ட எண்ணைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மறுபடி பத்திரம் பதிய முடியாதபடி பூட்டலாம். மேலே கட்டடம் எழுந்துவிட்ட இடங்களில் அதே வட்டத்தில் ஈடான நிலம் தரலாம். இந்தக் கடற்கரையில் தொழிற்பேட்டைக்கும் சாலைக்கும் விடுதிக்கும் நிலம் தேடிக் கொடுத்த துறைக்கு இது தெரியாத வேலை அல்ல. இதற்கு முதலில் தேவைப்படுவோர் ஒரு வட்டாட்சியர், இரண்டு நில அளவர்கள், அவர்களை இடமாற்றம் செய்யாமல் மூன்று ஆண்டுகள் அங்கேயே விட்டுவைக்கும் ஓர் அமைச்சர். காரணை, சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது.